எழும்பாத மூன்றாவது கோடு

மூக்கில் குச்சி விடுவதைப் பற்றித் திண்டுக்கல்காரர்கள் சொன்னதை மட்டும் எழுதினாலே ஒரு புத்தகம் தேறும். பிரியாணி மாஸ்டர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நாலாம் வகுப்புல மறந்த வாய்ப்பாடெல்லாம் ஞாபகத்துக்கு வந்துருச்சும்மா” என்றார். ரிசல்ட் வரத் தாமதமானதும் ஒரு பெரியம்மா, “சளியைப் பாக்குறீங்களா, இல்ல அதுக்கு வரன் பாக்குறீங்களா?” என்று கேட்டார். இதையெல்லாம் கேட்பதற்காகவே நான் கவுண்டர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வேன்.

பரிசோதனைக் கூடத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. கணினியை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பேகம்பூரில் அத்தாவின் தோல் மண்டிக்கு பில் போட்டுப் போட்டுக் கை தானாகப் பழகியது. கொரோனா வந்தபோது ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்தேன். பெயர், வயது, ஊர், போன் நம்பர், பாசிட்டிவா நெகட்டிவா, இவ்வளவுதான் நான் ஏற்றுவது. கிருமி என்று ஒன்றை நான் பார்த்ததும் இல்லை, பார்க்க முடியும் என்று நினைத்ததும் இல்லை.

ஆனால் ஒரு வருஷக் கடைசியில், பனி இறங்கிய அந்தக் குளிர் நாட்களில், அது எங்கள் ஊருக்குள் நடந்து வந்ததை நான் பார்த்தேன். இப்படிச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பார்த்தேன் என்பதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தக் கோடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாம்பிளில் கிருமி இருந்தால் எந்திரம் அதன் துணுக்கைத் திரும்பத் திரும்பப் பெருக்கும். திரையில் ஒரு கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டே இருக்கும், செத்த நேரத்தில் சட்டென்று மேலே ஏறும். ரயில் ஜன்னலில் வெறும் பொட்டலையே பார்த்துக்கொண்டு வருகிறவன் கண்ணில் திடீரென்று சிறுமலை எழும்புமே, அப்படி. நாங்கள் வைத்திருந்த கிட் கிருமியின் உடம்பில் மூன்று இடங்களைத் தேடிப் பிடிக்கும். மூன்றும் அகப்பட்டால் மூன்று நிறத்தில் மூன்று கோடு. இரண்டு எழும்பினாலே பாசிட்டிவ் என்று போட்டுவிடலாம்.

அந்த டிசம்பர் கடைசியில் சில சாம்பிள்களுக்கு இரண்டு கோடு ஜம்மென்று எழும்பின, மூன்றாவது தரையை விட்டு எழும்பவே இல்லை.

எங்கள் கூடத்தில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. கிட்டுகள் மதுரையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் போட்டு, வேனில் வரும். வேன்காரர்கள் கொடைரோட்டில் நிறுத்தி டீ குடிப்பார்கள், அந்த நேரத்தில் ஐஸ் இளகிவிடும் என்பது டெக்னீஷியன் தம்பியின் தீராத சந்தேகம். அதனால் எந்த ரிசல்ட் கோணலாக வந்தாலும் எங்களுக்குள் ஒரே பேச்சுதான்: கொடைரோட்டில் டீ குடித்துவிட்டது. எந்திரம் மக்கர் பண்ணினாலும் அதேதான், தம்பி தூங்கி வழிந்தாலும் அதேதான். அந்த வாரம் மூன்றாவது கோடு வராதபோதும் தம்பி அதைத்தான் சொன்னார். அந்தப் பெட்டியைத் தனியாக எடுத்துவைத்து, திருப்பி அனுப்பத் தாளும் ஒட்டிவிட்டார். நானும் ஆமாம் போட்டேன். ஐஸ் இளகினால் ஒரு கோடு போவது நியாயம்தானே என்று எனக்கும் பட்டது.

மேடம் அப்போது வார்டு பக்கம் டியூட்டி பார்த்துவிட்டு வந்தார். அவர்தான் கூடத்துக்குப் பொறுப்பான டாக்டர். பாலசமுத்திரத்துப் பெண், கோபத்தில்கூட ‘ங்க’ போடாமல் பேச வராது. பெட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொரு முறையும் நோயாளிகளின் சாம்பிள்களோடு, கம்பெனியே தருகிற ஒரு சாம்பிளையும் வைத்து ஓட்டுவோம். கிட் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காக வைப்பது அது, கன்ட்ரோல் என்போம். மேடம் அதைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, கிட்டு டீ குடிச்சிருந்தா இது மட்டும் எப்படிங்க மூணு கோட்டையும் காட்டுது?”

தம்பி தலையைச் சொறிந்தார். சளியில் கிருமி கம்மியாக இருந்தால் ஒரு கோடு வராமல் போகும் என்று மெல்ல ஆரம்பித்தார். அதற்கும் மேடம் திரையையே காட்டினார். மற்ற இரண்டு கோடும் சீக்கிரமே ஏறியிருந்தன. சீக்கிரம் ஏறினால் கிருமி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். கம்மி என்று சொல்ல வழியே இல்லை.

அப்புறம்தான் அவர் எங்களுக்கு விளக்கினார். வெளிநாடுகளில் கிருமியின் புது வகை ஒன்று கிளம்பியிருக்கிறது. எங்கள் கிட் தேடுகிற மூன்றாவது இடம் அதன் உடம்பில் மாறிப்போயிருக்கிறது. அதனால் கிட்டுக்கு அந்த இடம் அகப்படாது. கிருமியை முழுசாக எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்கிற பெரிய கூடம் நம்மிடம் இல்லை. சாம்பிளை அனுப்பினால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் இந்த வராத கோடுதான் நமக்குத் துப்பு. உறுதி இல்லை, துப்பு.

என் பக்கம் திரும்பி, இனிமேல் பாசிட்டிவ் என்று போடுவதோடு மூன்றாவது கோடு வந்ததா வரவில்லையா என்றும் ஒரு கட்டம் சேர்த்து எழுதச் சொன்னார். இருக்கிற ஒன்றை எழுதச் சொல்வார்கள், புரிகிறது. இல்லாத ஒன்றை எழுதச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை.

எழுத ஆரம்பித்தேன். முதலில் அங்கொன்று இங்கொன்று. கொடைரோட்டில் ரயில் இறங்கிய ஒரு குடும்பம். பழனி ரோட்டில் ஒரு லாட்ஜ். அடுத்து பூ மார்க்கெட்டைச் சுற்றி இரண்டு மூன்று தெரு. கோடு வராதவர்களை மட்டும் பிரித்து, ஊர்வாரியாக அடுக்கினேன். மேடம் கேட்டதற்காகச் செய்ததுதான், ஆனால் அடுக்கியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த ஊர்களின் வரிசை எனக்குத் தெரிந்த வரிசை. விடிகாலையில் பூ மூட்டை வந்து இறங்குகிற பஸ்கள் திரும்பிப் போகிற வழி அது. எந்த ஊரில் பஸ் நிற்குமோ அந்த ஊரில் கோடு இல்லை. பஸ் நிற்காமல் போகிற ஊரில் இன்னும் மூன்று கோடும் இருந்தன.

யா அல்லாஹ், கண்ணுக்கே தெரியாத ஒன்று பஸ் பிடித்து, இறங்கி, தெருவுக்குள் போவதை நான் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பார்க்கிறேன். அதைத் தேடுவதற்கென்று யாரும் புதிதாக எதையும் செய்யவில்லை. காய்ச்சல் என்று வந்தார்கள், குச்சி விட்டோம். அவரவர் தன் சளியைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள். அத்தனை பேரும் சேர்ந்து, தங்களுக்கே தெரியாமல், அது போகிற வழியைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். காலையில் ஒரு ஊர், சாயங்காலம் பக்கத்து ஊர். எனக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகவே மனசு வராது. வீட்டுக்காரர் போன் போட்டு, “அந்தக் கிருமியைக் கட்டிக்கிட்டியா, என்னைக் கட்டிக்கிட்டியா?” என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இன்னொரு நாள் மேடம், ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு மேல் பாசிட்டிவ் ஆனவர்களைப் பிரிக்கச் சொன்னார். வீட்டுக்குள் அது எப்படித் தாவுகிறது என்று பார்க்க வேண்டுமாம். போன் நம்பரை வைத்துப் பிரித்தேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர்தான் எழுதிக்கொடுப்பார்கள், அதனால் சுலபம். பார்த்தால், அப்பாவுக்கு மூன்றாவது கோடு இல்லையா, பிள்ளைகளுக்கும் இல்லை. மாமியாருக்கு இருக்கிறதா, மருமகளுக்கும் இருக்கிறது. எல்லா வீடும் அப்படியே.

ஒரு வீட்டைத் தவிர. அகரத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டி. புருஷனுக்கு மூன்று கோடு. சில நாள் கழித்து எடுத்த பெண்டாட்டிக்கு இரண்டு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்களுக்கு எப்படி வேறு வேறாக இருக்கும்? சாம்பிள் மாறிப்போச்சு என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண்ணின் பெயர் ஒட்டிய குழாயில் வேறு யாரோ ஒருவரின் சளி. அப்படியானால் அந்த யாரோ ஒருவர் நெகட்டிவ் என்ற தைரியத்தில் ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பார். விசாரித்தால் இந்தப் பெண் இங்கேயே, ஆஸ்பத்திரி வார்டில், ஆக்ஸிஜன் வைத்துப் படுத்திருக்கிறார். ஏற்கெனவே இளைப்பு நோய்க்காரர். மேடத்திடம் ஓடினேன். அவர் இரண்டு பேருக்கும் மறுபடி சாம்பிள் எடுக்கச் சொன்னார்.

அந்தப் பெண்ணின் புருஷனைத் தேட வேண்டியே இருக்கவில்லை. ஆஸ்பத்திரி காம்பவுண்டை ஒட்டி, காலி டப்பாக்களோடு ஒரு லாரி நின்றது. அதில்தான் அவர் இருந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கேரளா போகிற வண்டி. அங்கிருந்து திரும்பி இரண்டு நாள் வீட்டில் இருந்ததும் காய்ச்சல். பாசிட்டிவ் என்றதும், அவருடைய மச்சினன், அதாவது பெண்டாட்டியின் தம்பி, வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்றானாம். அக்காவுக்கு இளைப்பு இருப்பது தெரியாதா, கேரளாவுக்குப் போய் வாரிக்கட்டிக்கொண்டு வந்திருக்கியே என்று தெருவே கேட்கப் பேசினானாம். அன்றிலிருந்து அவருக்கு வீடு லாரி கேபின்தான். காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. பெண்டாட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து இங்கே நிறுத்தியவர்தான். பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார்: மனுஷன் சாப்பாட்டைத் தொடுவதில்லை, வெறும் தண்ணியும் பீடியும்தான். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா வண்டியை வித்துப்போட்டு எங்கேயாவது போயிருவேன் என்று கேபினுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறாராம்.

பெயர் எழுத நானும் கூடப் போனேன். குச்சி விட வந்தவரிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் பழுத்துக் கிடந்தன.

“எதுக்கு மறுபடி எடுக்குறீங்க தாயி? நான்தான் குடுத்தேன்னு எழுதவா?”

இல்லை என்றேன். குழாயில் அவர் பெயரை ஒட்டினேன்.

மறுநாள் இரண்டு சாம்பிளும் பக்கம் பக்கமாக ஓடின. நானும் தம்பியும் மேடமும் திரை முன்னால் நின்றோம். அவர் சாம்பிளில் முதல் கோடு எழும்பியது, இரண்டாவது, மூன்றாவது. காய்ச்சல் விட்டு நாள் ஆகிவிட்டதால் கொஞ்சம் தாமதமாக, ஆனால் மூன்றும் எழும்பின. பெண்டாட்டியின் சாம்பிளில் இரண்டு கோடும் விறுவிறுவென்று மேலே போயின. மூன்றாவது கடைசி வரைக்கும் தரையிலேயே கிடந்தது.

சாம்பிள் மாறவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு வெவ்வேறு கிருமிகள், கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நுழைந்திருந்தன. ஒன்று மலை தாண்டி லாரியில் வந்த பழையது. ஒன்று வேறு எங்கிருந்தோ நடந்து வந்த புதுசு. இம்புட்டுப் பெரிய உலகத்தில், ஒரு சின்ன வீட்டுக்கு இரண்டு வழியில் வந்து, ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தம்பி கொடைரோட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. தொழுகை முடிந்து எழும்பாமல் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் மனசு எப்படி இருக்குமோ, எனக்கு அப்போது அப்படி இருந்தது.

கோட்டைப் பற்றிய விவரத்தை நோயாளிகளிடம் சொல்லும் வழக்கம் இல்லை. ரிசல்ட்டில் பாசிட்டிவ் என்று மட்டும்தான் போகும். முழுசாகப் படித்த அறிக்கை வராமல் அதை உறுதி என்று சொல்லவும் கூடாது. இதெல்லாம் மேடத்துக்குத்தான் எங்களைவிட நன்றாகத் தெரியும். நான் டீக்கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, வாங்க என்று எழுந்தார்.

ஜெனரேட்டர் ஷெட் பக்கம் வெயிலில் நின்றோம். அந்த மனிதர் லாரி ஓரமாகத் தள்ளி நின்றார். மேடம் மூன்று கோட்டைப் பற்றி நிதானமாகச் சொன்னார். பெரிய கூடத்தின் பதில் இன்னும் வரவில்லை, அதனால் முத்திரை குத்திச் சொல்ல மாட்டேன், ஆனாலும் பார்த்தவரைக்கும் உங்களுக்கு வந்ததும் அவங்களுக்கு வந்ததும் ஒன்றல்ல என்றார்.

மனிதருக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை சொன்ன பிறகு தன் வண்டியின் முகப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எதுத்தாப்ல ஒரு வண்டி ரெண்டு லைட்டும் போட்டு வருது. இன்னொண்ணு ஒத்த லைட்டுல வருது. ரெண்டும் ஒரே வண்டி இல்லேங்கிறீங்க.”

“அதேதானுங்க.”

“எங்கிட்ட இருந்து போயிருந்தா ரெண்டு லைட்டும் எரியணும்.”

“எரியணுமுங்க.”

அவர் டயரில் கையை ஊன்றிக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. “அப்ப அவளுக்கு யாரு குடுத்தா?” என்றார்.

மேடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. “தெரியாதுங்க. எந்த வழியா வந்துச்சுன்னு ஊரைப் பார்த்துச் சொல்லலாம். ஆளைச் சொல்ல முடியாதுங்க. சொல்லவும் மாட்டேன்.”

மேடம் உள்ளே போனதும் அவர் வார்டு நர்ஸுக்குப் போன் போட்டு, பெண்டாட்டி காதில் வைக்கச் சொன்னார். தனக்குச் சொல்ல வராது என்று ஸ்பீக்கரில் போட்டு என்னையும் பேசச் சொன்னார். நான் என் பங்குக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் ஆக்ஸிஜனின் உஸ்ஸென்ற சத்தம்தான் கேட்டது. அந்த அம்மா மூச்சு வாங்கி வாங்கி, விட்டு விட்டுப் பேசினார். புருஷன் கேரளாவிலிருந்து வருவதற்கு முந்தின நாளே அவருக்குத் தொண்டை கரகரவென்று இருந்ததாம். பனிக்காலத்தில் பூ வரத்து குறைச்சல், நல்ல விலை போகிற நேரம், ஒரு நாள் தோட்டத்தில் பூ எடுக்காமல் விட மனசில்லாமல் யாரிடமும் சொல்லவில்லையாம். “நான்தான் அவருக்கு ஒட்டவிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இங்க கெடக்கேன். அதான் போன் போட்டாலும் பேசல.”

இவர் கேபினில் குமைந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அவர் வார்டில் அதையே நினைத்துக் குமைந்திருக்கிறார். இரண்டு பேரும் கொடுக்கவில்லை, இரண்டு பேரும் வாங்கவில்லை. இதை நான் சொன்னதும் அந்தப் பக்கம் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம்.

“கலியாணம் ஆனதுலேருந்து நான் குடுத்த எதைத்தான் இந்த மனுசன் ஒழுங்கா வாங்கிருக்காரு. இதையும் வெளியவே பாத்துக்கிட்டாராக்கும்.”

அவர் போனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் முகக்கவசம் மூக்கிலிருந்து நழுவியது. அந்த அம்மாவுக்கு மெல்ல மெல்ல ஆக்ஸிஜன் குறைத்து, பொங்கல் கழிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பதற வேண்டாம்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் பைக்கில் அந்த மச்சினன் வந்தான். அக்காவுக்குத் தூக்குவாளியில் கஞ்சி. மாமாவைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போகப் போனவனை இவரே கூப்பிட்டார். தள்ளி நின்றே, லைட்டுக் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், மேடம் சொன்னதைவிட எனக்கு அதுதான் புரிந்தது. வண்டி எங்கெல்லாம் போகும், பூ மார்க்கெட் பக்கம்தான் இப்போது ஒத்த லைட் அதிகம் என்று நாங்கள் பேசிக்கொண்டது தன் காதில் விழுந்ததையும் சேர்த்துச் சொன்னார்.

கேட்டுக்கொண்டே வந்தவனின் முகம் அந்த இடத்தில் மாறியது. தினமும் விடியும் முன்னால் அகரத்துப் பூ மூட்டைகளை பைக்கில் கட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவன் அவன்தான். அக்கா எடுத்த பூவையும் அவன்தான் கொண்டுபோவான், வந்து அக்கா வீட்டில்தான் காப்பி குடிப்பான். தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அந்த வாரம் லேசாகச் சளி இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

“அப்ப நானா மாமா?”

எனக்குப் பயமாக இருந்தது. வாசலை மறித்துத் தெரு கேட்கப் பேசியவன். இத்தனை நாள் கேபினில் சுருண்டு கிடந்தவருக்கு இப்போது ஒரு வார்த்தை போதும். தெரு இல்லை, ஆஸ்பத்திரி வாசலே கேட்கச் சொல்லலாம்.

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

“அம்புட்டுப் படிச்ச அந்தம்மாவுக்கே தெரியலையாம்டா. உனக்கு எப்படித் தெரியும்? போ, கஞ்சி ஆறுது. குடுத்துட்டு வந்து நீயும் மூக்கைக் காட்டு. நான் இங்கனதான் நிக்கேன்.”

அவன் வார்டு பக்கம் நாலு எட்டு நடந்து, திரும்பி வந்தான். தூக்குவாளியின் மேல்தட்டைக் கழற்றினான். அதில் அக்காவுக்கென்று வைத்திருந்த துவையல். அதை லாரியின் படிக்கட்டில் வைத்துவிட்டு, டீக்கடையைப் பார்த்து, மாமாவுக்கு நாலு இட்லி என்று சத்தம் கொடுத்தான். பிறகுதான் உள்ளே போனான்.